மூன்றாவது சிலிண்டர்

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் நிற்கும் வண்டிகளில் என்னுடையதுதான் குள்ளம். ஆனால் அதன் பானெட்டுக்குள் டர்போ இருந்தது. டர்போ என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அது வெளிக்காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். காற்று கூடினால் பலம் கூடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிப் புரியவைத்துவிடுவேன். என் மனைவிக்குப் புரியவைக்கத்தான் ஆறு மாதம் ஆயிற்று. ஏற்கெனவே ஓடுகிற வண்டிக்கு எதற்கு இன்னும் பலம் என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான். அதனால்தான் எனக்கு எரிச்சல் வந்தது.

அதே மாடல் காரை, அதே மாதத்தில், என் நண்பனும் வாங்கினான். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இருபது வருடப் பழக்கம். என் கல்யாணத்தில் சர்ச் வாசலில் எனக்குச் செருப்பு பிய்ந்தபோது தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு போட்டோவுக்கு நின்றவன். கே.கே. நகரில் வீடு. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து, தப்பு யார் மேல் என்று எழுதிக் கொடுக்கும் வேலை. என் கார் சிவப்பு, அவனுடையது சாம்பல். இரண்டையும் சேர்த்து நிறுத்தினால் எங்களுக்கே ஒரு கர்வம்.

காற்று எந்த வழியாக உள்ளே போக வேண்டும் என்பதில்தான் எங்கள் முதல் சண்டை. பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் என் வண்டியை நிறுத்திக்கொண்டு, மிளகாய் பஜ்ஜி எண்ணெய் ஸ்டியரிங்கில் ஒட்ட ஒட்ட, வாரக்கணக்கில் பேசினோம். கம்பெனி கொடுத்த காற்று டப்பாவுக்குப் பதிலாகப் போடும் இன்டேக்கில் மூன்று விதம் உண்டு. ஒன்று, கூம்பு மாதிரி ஃபில்டர் இன்ஜின் பக்கத்திலேயே திறந்து கிடப்பது. காலை அழுத்தினால் உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் நண்பன் அந்த ஜாதி.

"மச்சி, நீ சயின்ஸ் வாத்தியார், சூட்டைப் பாக்குற. நான் காதால ஓட்டுறவன்டா."

காதால் ஓட்டுகிறவனுக்கு நான் தெர்மாமீட்டரால் பதில் சொன்னேன். ஒரு கூம்பை இரவல் வாங்கி என் வண்டியில் மாட்டி, ஒரு சனிக்கிழமை மத்தியானம் பனகல் பார்க்கிலிருந்து உஸ்மான் ரோடு முனை வரை ஊர்ந்தேன். உள்ளே போகிற காற்றின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டிவிட்டது. சூடான காற்று மெலிந்த காற்று. சத்தம் மட்டும்தான் மிச்சம். இரண்டாவது விதம், வாயை பம்பருக்குக் கீழே தொங்கவிட்டுக் குளிர்ந்த காற்றை இழுப்பது. காகிதத்தில் அதுதான் சிறந்தது. ஆனால் மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முட்டி அளவு தண்ணீர் நிற்கும். காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைக் குடித்தால் இன்ஜின் அன்றோடு சரி. ஆகவே மூன்றாவது: நாலு பக்கமும் மூடிய பெட்டி, முன் கிரில்லிலிருந்து மட்டும் மூச்சு இழுப்பது. சத்தம் பாதிதான். நண்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு அவனும் அதையே வாங்கினான். இரண்டு பெட்டிகளையும் ஒரே காலையில் நாங்களே மாட்டினோம். அரை மணி நேர வேலை. கழற்றினால் வண்டி பழையபடி கம்பெனி வண்டிதான். கழற்ற முடியும் என்பதை அவன் எவ்வளவு முக்கியமாக நினைத்திருந்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

டியூன் அப்படியல்ல. டியூன் என்பது இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டருக்குள் வேறு கணக்கை எழுதுவது. எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி. வேண்டாம் என்றால் பழைய கணக்கைத் திருப்பி எழுதலாம். ஆனால் எத்தனை முறை எழுதப்பட்டது என்பதை வண்டி தனக்குள் ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளும். சர்வீஸ் சென்டரில் கருவியை மாட்டினால் அந்த எண் தெரியும். பூஜ்யமாக இல்லையென்றால் வாரன்ட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

கே.கே. நகரில் ஒரு தகர ஷெட்டில் வேலை பார்க்கும் டியூனர் இதையெல்லாம் மறைக்கவில்லை. அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. இரண்டு ஃபைல் காட்டினார். ஒன்று மிதமானது, நம் பங்க் பெட்ரோலுக்கு என்று எழுதியது. இன்னொன்று காரமானது.

"இன்னா சார், பயந்துகினு கீறீங்க? பயமா இருந்தா சின்னதையே போட்டுக்கோங்க. பெரிசு வேணும்னா ஜோடி வண்டி வேணும் சார். ஒரு வண்டி லாக்கை வச்சிகினு ஒண்ணும் சொல்ல முடியாது. ஒரே மாடல், ஒரே ஃபைல், ஒரே பெட்டி, ரெண்டு வண்டி ஓடணும். ரெண்டுலயும் ஒரே மாதிரி வந்தா அது இன்ஜின் குணம். ஒண்ணுல மட்டும் வந்தா அது நோவு."

இது அந்த ஷெட்டின் வழக்கம். தன் வண்டியைப் பற்றித் தானே தீர்ப்புச் சொல்லாமல், ஜோடி வண்டிக்காரனோடு லாக்கை மாற்றிக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். லாக் என்றால் ஒரு ஓட்டத்தில் இன்ஜின் என்னென்ன செய்தது என்று நொடிக்கு நொடி பதிவாகும் அட்டவணை.

எனக்கு மிதமானதே போதும் என்றிருந்தது. நண்பன் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான்.

"நானும்தான்டா போடுறேன். போனா ரெண்டு பேர் வாரன்ட்டியும் போகும். நீ மட்டும் ஏன் நடுங்குற?"

அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அடையாறில் உள்ள தன் பள்ளிக்கு வண்டியைத் தினமும் ஓட்டுகிறவள் என் மனைவி, நான் ஞாயிற்றுக்கிழமைக்காரன்தான். நடு வழியில் நிற்காது என்று என்னைச் சத்தியம் செய்யச் சொன்னாள். அவனும் போடுகிறான் என்றேன். "அவர் வேலையே ஆக்சிடெண்ட் பாக்குறதுதானே. அவரே போடுறார்னா சரி, போடுங்க" என்றாள். அவளுக்கும் அவன்மேல்தான் நம்பிக்கை, என்மேல் இல்லை.

தை மாதம் ஒரு காலையில் ஷெட்டில் என் வண்டிக்குக் காரமான ஃபைலை எழுதினார்கள். நண்பனுக்கு அன்று அவசரமாக ஒரு விபத்து வண்டியைப் பார்க்கப் போக வேண்டியிருந்ததாம். ஃபைலைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டான். லேப்டாப்பை வண்டியோடு இணைக்கும் கேபிள் அவனிடமும் இருந்தது, வீட்டிலேயே எழுதிக்கொள்வதாகச் சொன்னான். சாயந்திரம் போன்.

"முடிஞ்சுது மச்சி. செம. சீட்ல ஒட்டிக்கினு போறேன்."

நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி சந்தோஷப்பட்டேன். தெருவில் ஒருவருக்கும் தெரியாமல் இரண்டு குள்ள வண்டிகள் பெரிய வண்டிகளாகிவிட்டன, அந்த ரகசியம் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் என்று ஒரு நினைப்பு.

அதன் பிறகு ஞாயிறு காலைகள் ஒரு முறைக்கு வந்தன. பெசன்ட் நகரில் வேளாங்கண்ணி மாதா கோவிலில் ஆறு மணிப் பூசை. பூசை முடிந்ததும் நண்பன் வாசலில் காத்திருப்பான். என் வண்டியில் ஈ.சி.ஆர். பாலவாக்கம் தாண்டி சாலை காலியாக இருக்கிற இடம் பார்த்து, ஏ.சி.யை அணைத்து, ஜன்னலை ஏற்றி, மூன்றாவது கியரில் காலை முழுசாக அழுத்துவேன். ஏழெட்டு நொடிதான். அவன் மடியில் என் லேப்டாப். பதிவான லாக்கை அன்றே அவனுக்கும் அனுப்பிவிடுவேன். "உன் வண்டியில ஒரு தடவை போலாமே" என்று கேட்டால், குழந்தை சீட்டைக் கழற்றவில்லை, மாமனார் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், ஏதோ ஒன்று இருக்கும். தன் லாக்கை அவன் ஆபீஸ் போகிற வழியில் தனியாக எடுத்து, திங்கட்கிழமை அனுப்பிவிடுவான். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. ஒரு முறை மட்டும் அவன் வண்டியில் தி.நகருக்குப் போனேன். பெட்டியின் சத்தம் கேட்டது. பாண்டி பஜார் நெரிசலில் டர்போவும் ஒன்றுதான், தள்ளுவண்டியும் ஒன்றுதான். நான் என்ன கண்டேன்?

லாக்கில் நான் முதலில் பார்ப்பது ஒரே ஒரு எண் வரிசைதான். பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடித்தால் இன்ஜினுக்குள் தட்டல் உண்டாகும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டு, பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்திச் சமாளிக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அந்தத் தாமதம் ஓர் எண்ணாக வரும். பூஜ்யம் என்றால் நிம்மதி. ஒன்று, இரண்டு பரவாயில்லை. நான்கு வந்தால் கவலைப்பட வேண்டும். என் வண்டியில் மூன்றாவது சிலிண்டரில் நான்கு வந்தது. அடுத்த வாரமும் வந்தது.

திங்கட்கிழமை அவன் லாக் வந்தது. அவன் வண்டியிலும் மூன்றாவது சிலிண்டர், நான்கு. ஒரு வாரம் நாலரை, அவனுக்கும் நாலரை. டியூனரிடம் இரண்டையும் காட்டினேன். இரண்டிலும் ஒரே மாதிரி வருவதால் இது இன்ஜின் குணம், நோய் இல்லை என்றார். ஜோடி வண்டி வழக்கப்படி அவர் சொன்னது சரியான தீர்ப்பு. நான் நிம்மதியாக ஓட்டினேன். என் மனைவியும் தினமும் ஓட்டினாள்.

மாசியில் ஒரு ஞாயிறு. நண்பனுக்குக் காய்ச்சல் என்று நான் மட்டும் போனேன். மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருக்கும்போது பாலவாக்கத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. செம்மண் நிறம், ஒரு காது மடங்கியது. அரை நொடி காலை எடுத்தேன், அது ஓடிவிட்டது, மறுபடி அழுத்தினேன். லாக்கை அவனுக்கு அனுப்பும்போது நாயைப் பற்றிச் சொல்லவில்லை. ஊர்ச் சாலையில் இந்த வேகத்தில் ஓட்டுகிற வாத்தியார் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

கத்திரி வெயிலில் வண்டி நின்றது. அடையாறு பாலத்தின் மேல், காலை ஏழரை மணிக்கு, பின்னால் இரண்டு பஸ்ஸும் எண்ணற்ற ஹாரனும் அலற, என் மனைவி ஓட்டிக்கொண்டிருந்தபோது. விளக்கு மின்னியது, வண்டி குலுங்கியது, அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஒரு ஆட்டோக்காரரும் இரண்டு மாணவர்களும் தள்ளி ஓரம் சேர்த்தார்கள். சர்வீஸ் சென்டரில் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் உடைந்திருந்தது. அங்கிருந்த பெண் அதிகாரி கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். வண்டிக்குள் எழுதப்பட்ட எண்ணிக்கை தெரிந்தது. வாரன்ட்டி இல்லை. அந்த அம்மாள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டில் என் மனைவியும் திட்டவில்லை. கால் வலிக்கிறது என்று கட்டிலில் நீட்டி உட்கார்ந்தவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் வண்டி நல்லா இருக்கா?"

நல்லாத்தான் இருந்தது. அதே ஃபைல், அதே பெட்டி, அதே நாலரை. அதெப்படி? அந்த ஏன் என்ற கேள்வி வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, என் லாக்குகளையும் அவன் லாக்குகளையும் கோடுகளாக வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தேன். அதுவரை பெரிய எண்களை மட்டுமே ஒப்பிட்டிருந்தேன். முழு ஓட்டத்தையும் வரைந்து பார்த்ததே இல்லை.

மாசி மாத லாக்கில் என் கால் அழுத்திய கோடு ஏறுகிறது, நடுவில் ஒரு பள்ளம், மறுபடி ஏறுகிறது. பாலவாக்கத்து நாய். அதன் மேல் அவன் கோட்டை வைத்தேன். அதே இடத்தில், அதே அகலத்தில், அதே பள்ளம்.

கே.கே. நகரிலிருந்து ஆபீஸ் போகிற வழியில் அவனுக்கும் ஒரு நாய் குறுக்கே வந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிடம் உண்மையாகவே நினைத்தேன். நட்பு மனிதனை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதற்கு அந்த ஒரு நிமிடம் போதும். மற்ற வாரங்களையும் வைத்தேன். எல்லாம் என் லாக்குகள். காற்றின் சூட்டில் ஒரு டிகிரி குறைத்திருந்தான், தேதியை மாற்றியிருந்தான், அவ்வளவுதான். நான் ஞாயிற்றுக்கிழமை அனுப்பியது திங்கட்கிழமை அவன் பேரில் என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. என் வண்டியின் நோயை என்னிடமே காட்டி, பார், எனக்கும் இப்படித்தான், நீ சுகமாக இருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறான். நான்கு மாதம். அந்த வண்டியில் என் மனைவி தினமும் பாலம் ஏறி இறங்கினாள்.

தண்ணீர் குடிக்க எடுத்த கண்ணாடித் தம்ளரைச் சுவரில் அடித்தேன். என் வாழ்நாளில் நான் உடைத்த முதல் தம்ளர். அவள் ஓடி வந்தாள். நான் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினேன்.

நான் அவனைக் கூப்பிடவில்லை. வண்டி நின்ற செய்தியை டியூனர் மூலம் கேள்விப்பட்டு அவனே கூப்பிட்டான். ஐயோ பாவம் என்று பத்து நிமிடம் பேசினான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது அவன் சாம்பல் வண்டி வாசலில் நின்றது. குழந்தை சீட் இல்லை.

"ஏறு மச்சி. இன்னைக்கு என் வண்டியில போலாம். லேப்டாப் கொண்டாந்தியா?"

கொண்டுவந்திருந்தேன். ஏறினேன். ஏன் ஏறினேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அவன் வாயால் வரட்டும் என்று ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். பாலவாக்கம் தாண்டியதும் ஏ.சி.யை அணைத்தான், ஜன்னலை ஏற்றினான், மூன்றாவது கியரில் அழுத்தினான். வண்டி பாய்ந்தது. நன்றாகவே பாய்ந்தது. ஓரம் கட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

"டியூனர் ஃபைலைக் கொஞ்சம் மாத்திக் குடுத்திருக்காரு. உன் வண்டியில ஆனதைப் பாத்து மூணாவது சிலிண்டரைக் கொஞ்சம் தணிச்சிருக்காராம். வியாழக்கிழமைதான் போட்டேன். லாக்கைப் பாத்து சொல்லுடா, சேஃபா?"

நான் லாக்கைத் திறப்பதற்கு முன்னால் வேறொன்றைத் திறந்தேன். வண்டிக்குள் எத்தனை முறை எழுதப்பட்டிருக்கிறது என்ற எண். ஒன்று.

லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினேன். அந்த சர்வீஸ் சென்டர் அம்மாள் திருப்பிய மாதிரியே. "தையில ஒண்ணு, வியாழக்கிழமை ஒண்ணு. ரெண்டு இருக்கணுமே" என்றேன். பிறகு நாயைப் பற்றியும் சொன்னேன். செம்மண் நிறம், ஒரு காது மடங்கியது.

அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை.

"யாராச்சும் ஒருத்தர் மொதல்ல போட்டுத்தானேடா பாக்கணும். நான் போடலன்னு சொல்லியிருந்தா நீ போட்டிருக்க மாட்டே."

"மாட்டேன்."

"அதான்."

அதான். இருபது வருடத்துக்கு அவன் கொடுத்த விளக்கம் இந்த ஒரு சொல். அடிக்கலாம் என்று கை துடித்தது. என்னைச் சோதனை எலியாக்கினாய், போகட்டும். அவள் ஓட்டுகிற வண்டி என்று தெரியாதா உனக்கு என்று கத்தினேன். ஓரத்தில் நடைபயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவன் மெதுவாக, "சாரிடா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "லாக்கை மட்டும் பாத்து சொல்லிடு" என்றான்.

பார்த்தேன். மூன்றாவது சிலிண்டர், நாலே முக்கால். காலை வெயிலிலேயே நாலே முக்கால்.

எனக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. டியூனர் தணித்தது கொஞ்சம்தான். ஏனென்றால் நான்கு என்பது இந்த இன்ஜினின் குணம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். இரண்டு வண்டிகளில் பார்த்ததாக நம்பினார். அவன் அனுப்பிய பொய் லாக்குகளின் மேல் எழுதப்பட்ட ஃபைல் அவன் வண்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது.

நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது, அதை மறைக்க மாட்டேன். பின் சீட்டில் குழந்தை சீட்டு இருந்த அடையாளம் இரண்டு குழிகளாகத் தெரிந்தது.

"எடுத்துடு. இன்னைக்கே பழைய ஃபைலை எழுதிடு. மூணாவது சிலிண்டர் தாங்காது. என்னுது போன மாதிரியே போகும்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கண்ணைச் சுருக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து. விபத்து வண்டிக்காரர்கள் நடந்ததைச் சொல்லும்போது அவன் அப்படித்தான் பார்ப்பான் என்று அவனே ஒரு தடவை நடித்துக் காட்டியிருக்கிறான்.

"கோவத்துல சொல்றே மச்சி" என்றான்.

லாக்கில் ஒரு எண்ணையும் தொடாமல், 'சாம்பல் வண்டி, முதல் ஓட்டம்' என்று பேர் வைத்து அங்கேயே அவனுக்கு அனுப்பினேன். டியூனருக்கும் அனுப்பினேன். இறங்கிக் கதவைச் சாத்தினேன். அவன் கிளம்பிப் போனான். பெட்டியின் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. நான் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வர நேரமாயிற்று.

வண்டி போனதைத் தாங்கிக்கொண்டேன். சோதனை எலியானதையும் என்றைக்காவது மறப்பேனோ என்னவோ. அன்று நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை; ஆனாலும் அவன் என்னை ஒரு பொய்யனைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.